மஸீராவுக்குப் போகும் வழியில்

அந்த வீட்டில் ஒரு மாதமாக மஸீராத் தீவைத் தவிர வேறு பேச்சில்லை. ஆரம்பித்து வைத்தது ஓர் ஆமை.

ஷம்ஸாவின் ஓரகத்தி ராயா அந்தத் தீவில் பிறந்தவள். வீட்டின் கடைக்குட்டி ஸாஹிரைக் கட்டிக்கொண்டு இப்ராவுக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அவளுடைய அண்ணன் கமீஸ் தீவின் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். ஒருநாள் சாயங்காலம் அவன் தங்கைக்கு ஒரு வீடியோ அனுப்பினான். கழுவிக் கவிழ்த்த அண்டா மாதிரி ஒரு பெருந்தலை ஆமை, மூச்சு வாங்க மூச்சு வாங்கக் கரையேறி, பின்னங்கால்களால் மணலைத் தோண்டி, கண்ணில் நீர் வழிய முட்டையிட்டது. ராயா அதை மாமியாரிடம் காட்டினாள். மாமியார் மோஸா போனை வாங்கி மூக்குக்கு அருகே வைத்துக்கொண்டு முழுவதும் பார்த்தாள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். பிறகு, "பெத்தவ கஷ்டம் எல்லா ஜாதிக்கும் ஒண்ணுதான் போல. இதை நேர்ல பாக்கணும்மா" என்றாள்.

மோஸா வாய் திறந்து எதையும் கேட்கிறவள் அல்ல. கணவர் போன பிறகு அவள் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் விஷயம் இதுதான். மகன்கள் இருவரும் அங்கேயே முடிவு பண்ணிவிட்டார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் விருந்தெல்லாம் முடிந்த மறுநாள் குடும்பத்தோடு மஸீரா. ராயாவின் பிறந்த வீட்டில் தங்கல்.

ஷம்ஸா அப்போது சமையலறை வாசலில் நின்று மாவுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நல்லதுதான் என்று அவளும் சொன்னாள். சொல்லிவிட்டு, துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

அன்றிலிருந்து ராயா தினம் ஒரு பிராணியைக் கொண்டுவந்து இறக்கினாள். கப்பலோடு போட்டி போட்டு நீந்தும் டால்பின்கள். குளிர்காலத்தில் சேற்றுத் திட்டு முழுக்க இளஞ்சிவப்பாய் நிற்கும் பூநாரைகள். நண்டை மட்டுமே தின்னும் கறுப்பு வெள்ளைப் பறவை. மலையடிவாரத்து மான்கள். அவளுடைய அப்பா ஹுமைத் படகில் போனபோது பக்கத்தில் எழும்பி மூச்சு விட்ட திமிங்கிலம். கல்யாணத்தன்று ஒழுங்காகச் சீர் கொண்டுவராதவள் இப்போது தவணை முறையில் இறக்குகிறாள் என்று ஷம்ஸாவுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு அநியாயம் என்று அவளுக்கே தெரியும். ராயா கைநிறையத்தான் கொண்டுவந்தாள். தெரிந்தும் நினைப்பை நிறுத்த முடியவில்லை.

ஷம்ஸா அந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருடம். அரிசி எவ்வளவு இருக்கிறது, எந்தச் சாவி எந்தப் பெட்டிக்கு, மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரை எப்போது தீரும், எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அவளைக் கேட்காமல் அந்த வீட்டில் ஓர் ஆடுகூட அறுக்கப்பட்டதில்லை. ஆனால் அவளைப் பார்த்து யாரும் கண்ணை விரித்ததில்லை. இப்போது அவளுடைய மகள் அஸ்ஸாவே பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டு, "சித்தி, மான் நம்ம கிட்ட வருமா? சித்தி, திமிங்கிலம் கப்பலைக் கவுத்துடுமா?" என்று ராயாவின் பின்னால் திரிந்தாள். குளிர்பெட்டியின் கதவு முழுக்க ஆமைப் படம் ஒட்டினாள்.

இதைவிட அவள் கணவன் ஹிலால்தான் அவளை அதிகம் எரிச்சலூட்டினான். ஊர் சுற்றலாம் என்றால் முழங்கால் வலியைச் சொல்லித் தப்பிக்கிற மனிதன், ஒருநாள் கடையிலிருந்து ஒரு பைனாகுலர் வாங்கி வந்தான். மொட்டை மாடியில் நின்று பக்கத்து வீட்டுப் புறாவைப் பார்த்துப் பழகினான்.

"எதுக்குங்க இது?" என்று கேட்டாள்.

"பறவை பாக்க."

"பதினாறு வருஷமா பக்கத்துலயே இருக்கற நான் உங்க கண்ணுக்குத் தெரியல. இனிமேதான் தூரத்துல இருக்கற பறவை தெரியப் போகுதாக்கும்."

ஹிலால் சிரித்தான். அவள் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்றே நினைத்தான். அவள் அப்படிப் பேசுகிறவள்தான். அதனால் அவளுக்கு நிஜமாகவே வலித்தபோது யாருக்கும் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மஜ்லிஸ் கூடத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பயணத்தைத் திட்டமிட்டார்கள். ஸாஹிர் போனில் வரைபடத்தை விரித்துத் தரையில் வைத்தான். ஹிலால் மூத்தவனுக்குரிய தோரணையோடு விரலால் கோடு இழுத்தான். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் கிளம்புவது. சினாவில் தேநீர், பிள்ளைகளுக்கு ரொட்டி. அதற்குப் பிறகு எங்கும் நிற்பதில்லை, நேரே ஷன்னா துறை. அங்கே வண்டிகளைக் கப்பலில் ஏற்றினால் மதியச் சாப்பாடு தீவில். ராயாவின் வீட்டில் மீன் பொரித்து வைத்திருப்பார்கள்.

"சினாவைத் தாண்டினா வழியில ஒண்ணும் கிடையாது. வெறும் பொட்டல். அதனால தண்ணி மட்டும் நிறைய எடுத்துக்கணும்" என்றான்.

ஷம்ஸா கஹ்வாக் காப்பிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஸாஹிரின் கோப்பையை நிரப்பினாள், ராயாவின் கோப்பையை நிரப்பினாள். ஹிலாலின் விரல் போன அந்தக் கோட்டின் நடுவில், சினாவைத் தாண்டி ஒரு மணி நேரத்தில், உம் சமர் இருக்கிறது. அவள் பிறந்த ஊர். சாலையோரமாகப் பத்துப் பன்னிரண்டு வீடுகள், முள்மரங்கள், ஒட்டகப் பட்டிகள். அவளுடைய அப்பா முசல்லமின் வீட்டு நீலத் தண்ணீர்த் தொட்டி சாலையிலிருந்தே தெரியும். இரண்டு வண்டியில் ஒரு முழுக் குடும்பமே அந்த வாசலைத் தாண்டிப் போகப் போகிறது. ஒருவர்கூட நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வருடத்துக்கு இரண்டு முறை ஹிலால் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஒரு கோப்பை கஹ்வாவோடு திரும்பி விடுவான். மாமியார் பெண் பேச வந்ததோடு சரி. கல்யாணமான புதிதில் ஷம்ஸா ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தாள். "அங்க என்னம்மா இருக்கு?" என்றாள் மோஸா. குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் போனதுதான் ஷம்ஸாவால் மறக்க முடியாதது. அங்கே என்ன இருக்கிறது? ஆமை இல்லை, திமிங்கிலம் இல்லை. அவளுடைய அப்பா இருந்தார்.

இப்போதும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வழியில் எங்கள் வீட்டில் ஒரு நிமிடம் இறங்கிவிட்டுப் போகலாம் என்றால் ஹிலால் மறுத்திருக்க மாட்டான். ஆனால் கேட்டு வாங்குகிற மரியாதை அவளுக்கு வேண்டாம். அவர்களுக்காகத் தோன்ற வேண்டும். தோன்றவில்லை.

"கப்பல் டிக்கெட்டுக்கு இப்பவே பதியணும்" என்றான் ஸாஹிர். "பெருநாள் கூட்டம்."

"அதை நான் பாத்துக்கறேன்" என்றாள் ஷம்ஸா.

எல்லோருக்கும் நிம்மதி. ஷம்ஸா பார்த்துக்கொள்கிறேன் என்றால் அது நடந்த மாதிரிதான். அன்று சாயங்காலம் அவள் போனைத் திறந்து பார்த்தாள். அந்த நாளின் கப்பலில் இடம் இருந்தது. இரண்டு வண்டிகளுக்கும் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அவள் போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள். நாளைக்குப் போடலாம் என்று சொல்லிக்கொண்டாள். மறுநாளும் அதையேதான் சொல்லிக்கொண்டாள். பெருநாள் நெருங்கியதும் ஹிலால் கேட்டபோது, நாக்கு அவளைக் கேட்காமலே புரண்டது.

"இடமில்லைங்க. எல்லாம் தீந்துபோச்சு. பெருநாள் முடிஞ்சு பத்து நாளைக்கு ஒண்ணும் இல்ல."

மோஸா தலையாட்டிவிட்டு, நமக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான் என்றாள். அஸ்ஸா அழுதுகொண்டே மாடிக்கு ஓடினாள். ராயா மட்டும் கையிலிருந்த பேரீச்சம்பழத்தின் கொட்டையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். இன்னொரு பழத்தை எடுத்தாள். அவளும் அழுதிருந்தால் ஷம்ஸாவுக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த ராத்திரி ஷம்ஸா நன்றாகத் தூங்கினாள். அதுதான் அவளுக்குப் பிறகு வெட்கமாக இருந்தது.

பெருநாள் வந்தது. மூன்றாம் நாள், மண்குழித் தணலில் ராமுழுக்க வெந்த ஷுவா இறைச்சி மூட்டையை எடுத்துப் பிரித்து, ஒரே பெரிய தட்டில் சோற்றின் மேல் கொட்டி, எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ராயாவின் போன் அடித்தது. கமீஸ். பெருநாள் வாழ்த்துச் சொன்னான். கை எண்ணெயாக இருந்ததால் ராயா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனைத் தரையில் வைத்தாள். அவன் மோஸாவிடம் நலம் விசாரித்துவிட்டு, எப்போது வருகிறீர்கள், அப்பா வீட்டுக்கே வெள்ளையடித்து வைத்திருக்கிறார் என்றான்.

"எங்கேப்பா வர்றது? கப்பல்ல இடமில்லையாமே" என்றாள் மோஸா.

"இடமில்லையா? யார் சொன்னது? நாளைக் கப்பல் பாதி காலியாக் கிடக்கே அத்தை. ஒரு மாசமா அப்படித்தான் கிடக்கு. காத்து அடிக்கற நேரம்னு இந்தத் தடவை ஜனமே வரல."

தட்டைச் சுற்றி எல்லாக் கைகளும் நின்றன. ஷம்ஸாவின் விரல்கள் சோற்றுக்குள் இருந்தன. அது சுட்டது அவளுக்கு உறைக்கவில்லை. ஹிலால் அவளைப் பார்த்தான். ஸாஹிர் பார்த்தான். மோஸா பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டாள்.

ராயா குனிந்து போனுக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். "உனக்கு என்னண்ணே தெரியும்? அக்கா பாத்தப்ப இல்ல. நானும் பக்கத்துலதான் இருந்தேன். அப்புறம் யாராவது ரத்து பண்ணியிருப்பாங்க" என்றாள் சாதாரணமாக. பிறகு ஷம்ஸாவிடம் திரும்பி, "நல்லதாப் போச்சுக்கா, இப்பவே போட்டுடலாம்" என்றாள்.

கைகள் மறுபடி தட்டுக்குப் போயின. பிள்ளைகள் கத்தினார்கள். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஸாஹிர் இரண்டு வண்டிகளுக்கும் பதிந்துவிட்டான்.

பிடிபட்டிருந்தால் தாங்கியிருப்பேன் என்று ஷம்ஸா நினைத்தாள். கத்தியிருப்பார்கள், அவளும் கத்தியிருப்பாள், மனசிலிருப்பது எல்லாம் வெளியே வந்திருக்கும். இப்போது என்ன ஆயிற்று? தீவு ராயாவுடையது, டால்பின் அவளுடையது, கடைசியில் பெருந்தன்மையும் அவளுடையது. இந்தச் சின்னப் பெண்ணின் தயவில் நான் மானத்தோடு உட்கார்ந்து சோறு தின்றேன். அறையில் ஹிலால், உண்மையிலேயே டிக்கெட் பார்த்தாயா என்று மெதுவாகக் கேட்டபோது, "உங்க தம்பி பொண்டாட்டி சாட்சி சொல்லிட்டாளே, இன்னும் என்ன விசாரணை?" என்றாள். அவன் பைனாகுலரை உறையில் போட்டு வைத்தான்.

மறுநாள் கிளம்பினார்கள். ஹிலாலின் வண்டியில் முன்னால் மோஸா, பின்னால் ஷம்ஸாவும் பிள்ளைகளும். ஸாஹிரும் ராயாவும் மூட்டை முடிச்சுகளோடு அடுத்த வண்டியில். சினாவில் தேநீர் குடித்தார்கள். ராயா தன் வண்டியிலிருந்து இறங்கி வந்து மாமியாரின் கழுத்துக்கு ஒரு தலையணை கொடுத்துவிட்டுப் போனாள். அதைக்கூட ஷம்ஸா கவனித்தாள். அது நான் எடுத்து வைத்திருக்க வேண்டிய தலையணை.

சினாவைத் தாண்டியதும் நிலம் தட்டையானது. முள்மரங்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு வளைவும் அவளுக்குத் தெரியும். அந்தச் சாலையில் வளைவே இரண்டுதான். இரண்டாவது திரும்பியதும் தூரத்தில் நீலத் தொட்டி தெரிந்தது. ஹிலால் அஸ்ஸாவிடம் கப்பலில் எந்தப் பக்கம் நின்றால் டால்பின் தெரியும் என்று விளக்கிக்கொண்டிருந்தான். வண்டியின் வேகம் குறையவில்லை.

"வண்டியை நிறுத்துங்க" என்றாள் ஷம்ஸா.

"ஏன், தலை சுத்துதா?"

"எங்க அப்பா வீடு வருது."

ஹிலாலுக்கு ஒரு நொடி பிடித்தது. "அட, ஆமா. திரும்பி வரும்போது பாக்கலாமே. இப்ப கப்பலுக்கு நேரம் சரியா இருக்கு."

"நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. என்னை இங்க இறக்கிவிட்டா போதும்."

அவள் குரல் உயரவில்லை. அதனாலேயே பிள்ளைகள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். மோஸா கழுத்தில் தலையணையோடு சிரமப்பட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னம்மா ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் ஆகல அத்தை. ஒரு ஆமையைப் பாக்கறதுக்கு நீங்க இவ்வளவு தூரம் கழுத்து வலியோட வர்றீங்க. வழியில எங்க அப்பா இருக்காரு. அவ்வளவுதான்."

வண்டி நீலத் தொட்டியைத் தாண்டி ஓடியது. பிறகு மோஸா, "திருப்புடா" என்றாள்.

முசல்லம் பட்டியில் ஓர் ஒட்டகத்தின் காலில் ஏதோ மருந்து தடவிக்கொண்டிருந்தார். இரண்டு வண்டிகள் சாலையை விட்டு இறங்கித் தன் வாசலுக்கு வருவதைப் பார்த்துக் கண்ணுக்கு மேல் கையை வைத்தார். மகளைப் பார்த்தார். மகளுக்குப் பின்னால் சம்பந்தியம்மா இறங்குவதைப் பார்த்ததும், அவிழ்ந்த தலைத்துணியைச் சுற்றிக்கொண்டே ஓடி வந்தார். எழுபதை நெருங்கிய மனிதர் அப்படி ஓடி ஷம்ஸா பார்த்ததில்லை.

பாய் விரித்தார்கள். பேரீச்சம்பழம் வந்தது, கஹ்வா வந்தது, ஒட்டகப் பால் நுரையோடு வந்தது. ஹிலால் மணியைப் பார்த்துக்கொண்டே, மாமா, கப்பலுக்குப் போக வேண்டும், ஒரு கோப்பையோடு கிளம்புகிறோம் என்றான். முசல்லம் கேட்டுக்கொண்டு, அதற்கென்ன, போகலாம் என்று வெளியே போனார். அவன் கோப்பையை வைப்பதற்குள் பின்பக்கத்தில் ஆட்டை அறுத்துவிட்டார். இனி யாரும் எழுந்திருக்க முடியாது. விருந்தாளிக்காக அறுத்த ஆட்டைச் சாப்பிடாமல் போனால் அடுத்த தலைமுறைவரை இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. ஹிலால் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டான்.

சமையல்கட்டில் ஷம்ஸா அண்ணியோடு சேர்ந்து கறியைக் கழுவினாள். உடம்பு லேசாக இருந்தது. மஜ்லிஸிலிருந்து அப்பாவின் சிரிப்பும் மாமியாரின் சிரிப்பும் கேட்டன. மீன் அங்கே ஆறட்டும். டால்பின் காத்திருக்கட்டும். இன்றைக்கு ஒருநாள் இவர்கள் என் வீட்டுப் பாயில் உட்காரட்டும். அண்ணி ஏதோ கேட்க, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே தண்ணீர் எடுக்கப் பின்கதவு வழியாக வெளியே வந்தாள்.

தொட்டியின் நிழலில் ராயா நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். இவளுக்கு முதுகு காட்டியிருந்தாள்.

"இல்லம்மா, காத்து அதிகமாம். கப்பல் லேட்டுன்னு சொல்லிட்டாங்க. யார் மேலயும் தப்பில்லம்மா. அப்பாவைத் துறையில நிக்க வேணாம்னு சொல்லு, வெயில்ல நிக்கக் கூடாது அவரு. எப்பன்னு தெரியல. இன்னைக்கு வந்துருவேன். வந்துருவேன்மா."

பேசும்போது தொட்டியின் கால் இரும்பில் துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். போனை வைத்ததும் முக்காட்டின் நுனியை இரண்டு கண்ணிலும் அழுத்திக்கொண்டாள். திரும்பினாள். ஷம்ஸாவைப் பார்த்ததும், "தண்ணிக்கா? கொடுங்க, நான் பிடிச்சுத் தர்றேன்" என்று சிரித்தாள்.

மறுபடியும் எனக்காக ஒரு பொய் சொல்லிவிட்டாள். ஷம்ஸாவுக்கு அதுதான் முதலில் பட்டது. பரிதாபம் பிறகுதான் வந்தது. இந்தப் பெண்ணிடம் இரண்டாவது தடவையும் தோற்பதைவிட அவளைத் தீவில் கொண்டுபோய் இறக்கிவிடுவது மேல். குடத்தை அங்கேயே வைத்துவிட்டு நேராக அப்பாவிடம் போனாள்.

"அப்பா, கறி வெந்ததும் அண்டாவோட கொடுங்க. ஷன்னாவுல வச்சு சாப்பிடறோம். அடுத்த கப்பலைப் பிடிக்கணும்."

முசல்லமின் முகம் மாறியது. "வந்தவங்க என் பாயில உக்காந்து சாப்பிடணும், ஷம்ஸா. கட்டிக் கொடுத்தனுப்ப நான் என்ன ஹோட்டலா வச்சிருக்கேன்?"

"அப்ப பாயையும் எடுத்துக்குங்க."

முசல்லம் மகளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மோஸாவைப் பார்த்தார். மோஸா முக்காட்டுக்குள் சிரிப்பை மறைத்துக்கொண்டு, "பொண்ணு சொல்றது சரிதான் சம்பந்தி. ராயாவோட அப்பாவும் வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு" என்றாள்.

அப்படித்தான் அந்த ஊர்வலம் கிளம்பியது. முன்னால் முசல்லமின் பழைய பிக்கப். அதன் பின்பக்கத்தில் துணி சுற்றிய அண்டா, சுருட்டிய பாய், கஹ்வாப் பாத்திரம், அண்டா ஆடாமல் பிடித்துக்கொள்ள ஷம்ஸாவின் அண்ணன். பின்னால் இரண்டு வண்டிகள். ஷன்னாவில் கப்பலுக்கு நின்ற வண்டி வரிசையின் ஓரமாக, லாரி நிழலில் முசல்லம் பாயை விரித்தார். சம்பந்தியம்மாவைத் தலைப்பக்கத்தில் உட்கார வைத்தார். தன் கையாலேயே நல்ல கறித்துண்டாகப் பார்த்துப் பிய்த்து அவள் முன்னால் வைத்தார். பக்கத்து வண்டிக்காரர்கள் இருவரையும் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அண்டா காலியான பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

கிளம்பும்போது மோஸா அவரையும் தீவுக்கு அழைத்தாள். "நிக்கற இடம் ஆடினா எனக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு அவர் பாயைச் சுருட்டினார்.

அவர் போவதைப் பார்த்துக்கொண்டே மோஸா மருமகளிடம், "உங்க அப்பா இவ்வளவு தமாஷா பேசுவாருன்னு எனக்குத் தெரியாதே" என்றாள்.

"வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் அத்தை."

மோஸா பிக்கப் போன திசையைப் பார்த்தபடி, "ஆமா" என்றாள்.

கப்பல் நகர்ந்ததும் பிள்ளைகள் ஹிலாலை இழுத்துக்கொண்டு முன்பக்கம் ஓடினார்கள். மேல்தளத்தின் பெஞ்சில் ஷம்ஸாவும் ராயாவும் மட்டும் மிஞ்சினார்கள். காற்று முக்காட்டைப் பிய்த்தது. ஷம்ஸா கடலைப் பார்த்தபடி கேட்டாள்.

"டிக்கெட் விஷயம் உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"அதுக்கு முன்னாடியே தெரியும்க்கா. நீங்க இடமில்லைன்னு சொன்ன அன்னைக்கே அண்ணன்கிட்ட கேட்டுட்டேன். பெருநாளுக்குக் கூப்பிடு, எல்லாரும் இருக்கறப்ப பேசுன்னு நான்தான் சொல்லி வச்சேன்."

ஷம்ஸா திரும்பினாள். "அப்புறம் எதுக்குடி என்னைக் காப்பாத்தின?"

"காப்பாத்தலைன்னா நீங்க கோவிச்சுக்கிட்டு வரமாட்டீங்க. நீங்க வரலைன்னா அத்தை கிளம்ப மாட்டாங்க, மாத்திரைகூட நீங்க எடுத்துக் கொடுத்தாதான் போடறாங்க. அத்தை கிளம்பலைன்னா இந்த வீட்டுல யாரு கிளம்புவா? எனக்கு எங்க அம்மாவைப் பாக்கணும். ரெண்டு வருஷம் ஆச்சு."

"அப்ப அது பாசம் இல்ல."

"பாசமா? அன்னைக்கு ராத்திரி உங்க தலையில அம்மிக்கல்லைத் தூக்கிப் போடலாமான்னு யோசிச்சேன்" என்றாள் ராயா.

ஷம்ஸா அவளையே பார்த்தாள். நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது ஏதோ எழுந்து நகர்ந்த மாதிரி இருந்தது. இவளும் நம்மைப் போல ஒரு திருடிதான். "சரியான கழுதைடி நீ" என்றாள். ராயா முதலில் பயந்து, பிறகு சிரித்தாள். முன்பக்கத்திலிருந்து அஸ்ஸா டால்பின் டால்பின் என்று கத்தியது கேட்டது. இருவரும் எழுந்து போவதற்குள் அது மறைந்துவிட்டது.

தீவின் ஹில்ஃப் துறையில், வெயிலில் நிற்க வேண்டாம் என்று சொல்லியும், ஹுமைத் நின்றுகொண்டிருந்தார். ராயா வண்டி முழுதாக நிற்பதற்குள் இறங்கி ஓடினாள். அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்து அவள் அழுத அழுகையைப் பார்த்தபோது ஷம்ஸாவுக்கு மறுபடியும் பொறாமையாகத்தான் இருந்தது. சுற்றி ஊரே நின்று வரவேற்றது. மோஸாவை நாற்காலியோடு தூக்காத குறை. அந்த வீட்டில் ஆறிய மீனைத் திரும்பப் பொரித்து, ஏற்கெனவே ஆட்டுக்கறி தின்ற வயிறு என்றும் பாராமல் வந்தவர்களுக்கு ஊட்டினார்கள்.

மறுநாள் வெளுக்கும் நேரத்தில் ஹுமைத் எல்லோரையும் கிழக்குக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். மணல் முழுக்க டிராக்டர் ஓட்டியது மாதிரி தடங்கள். பெரும்பாலான ஆமைகள் கடலுக்குத் திரும்பிவிட்டன. ஒரே ஒரு ஆமை மட்டும் தாமதமாகிவிட்டது. முட்டைக் குழியை மூடிவிட்டு, நான்கு அடி நகர்வதும் நின்று மூச்சு விடுவதுமாகப் போய்க்கொண்டிருந்தது. கிட்டே போகக் கூடாது, பேசக் கூடாது, விளக்குக் கூடாது என்று ஹுமைத் சைகை காட்டினார். யாரும் அசையவில்லை. மோஸா ராயாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

ஷம்ஸா அந்தக் கையைப் பார்த்தாள். ராயாவின் விரல்களுக்குள் பத்திரமாக இருந்த மாமியாரின் கை. சுருக்கென்றது. இது இன்றோடு போய்விடுகிற நோய் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

அலை வந்து ஆமையின் ஓட்டைத் தொட்டது. அடுத்த அலை அதைத் தூக்கியது. அவ்வளவு கனமாக இருந்தது ஒரு நொடியில் இலேசாகி, தலையை ஒருமுறை வெளியே நீட்டிவிட்டு, போய்விட்டது.

"என்ன அவசரம் பாரு அதுக்கு" என்றாள் மோஸா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "வீட்டுல மாமியார் காத்துக்கிட்டிருப்பா போல."

முதலில் சிரித்தது ஷம்ஸாதான்.